மூன்றாவது பெடல்

1

இந்த ஊரில் நான் லொறி பிரிக்கிறேன். கட்டுவதும் இல்லை, ஓட்டுவதும் இல்லை, பிரிப்பது மட்டும்தான். யப்பான்காரன் ஓட்டி அலுத்துப்போன லொறி எங்கள் யார்டுக்குள் வரும். நாங்கள் ஆறு பேர் அதன்மேல் விழுந்து, கதவு ஒரு பக்கம், எஞ்சின் ஒரு பக்கம், சீட்டு ஒரு பக்கம் என்று ஆக்கி, கொள்கலனில் அடுக்கி, நம்மைப் போன்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பிவைப்போம். பத்து வருசமாக இதே வேலை. கல்முனையில் லொறி ஓட்டிக்கொண்டு திரிந்தவனுக்கு இது பெரிய உயர்வு என்று யாராவது நினைத்தால், நினைத்துவிட்டுப் போகட்டும்.

இரண்டு தொன் லொறியின் கியர் பொக்ஸ் ஒன்றைக் கழற்ற எனக்கு ஒரு மணித்தியாலம் போதும். போன ஒக்டோபரில் ஒன்றைக் கழற்ற முழு நாளும் பிடித்தது. கூட வேலை செய்கிற பாகிஸ்தான்காரன் இரண்டு தடவை வந்து, உடம்புக்குச் சரியில்லையா என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

இன்று டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து பனி கொட்டுகிறது. பின்னேரம் தம்பி நஸீருடன் டெலிபோனில் கதைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இதை வாசிக்கிறவர்களில் சிலருக்கு அந்த லொறியைத் தெரிந்திருக்கும். நீல நிறம், கதவில் யப்பான் எழுத்தில் ஏதோ ஒரு மரக்கறிக் கடையின் பெயர். கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், நின்ற இடத்திலேயே ஒரு வருசம் நின்ற லொறி. அதை நஸீருக்கு அனுப்பியவன் நான்தான்.

2

சுனாமி என்ற சொல் நம் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. அதற்கு முதல் நாள்வரை நமக்கு அப்படியொரு சொல் இல்லை. உயிர் தப்பி ஓடியவர்கள், "கடல் வந்திட்டு, கடல் வந்திட்டு" என்றுதான் கத்தினார்களாம்.

எனக்கு அந்தச் சொல்லை அதற்கு நாலு வருசம் முன்பே தெரியும். இங்கே வந்த புதிதில் நான் தங்கியிருந்த அறைக்குக் கீழே, வீதியில் ஒரு பலகை நின்றது. அதில் ஒரு அலை, அதற்கு முன்னால் ஓடுகிற ஒரு மனிதன். எங்கள் யார்ட் முதலாளி (இங்கே முதலாளியை ஷாச்சோ என்பார்கள்) இரண்டு கையாலும் அலை எழுப்பிக் காட்டி, "ட்சுனாமி, ட்சுனாமி" என்று எனக்கு விளக்கினார். நான் சிரித்தேன். எங்கட கடல் அப்படியெல்லாம் செய்யாது என்று எனக்குத் தெரிந்த பத்துச் சொல்லை வைத்துப் பதில் வேறு சொன்னேன். அந்தச் சொல்லை ஒரு தடவையாவது ஊருக்குச் சொல்லியிருக்கலாம். டெலிபோனில் எவ்வளவு வெட்டிக்கதை கதைத்தோம்! இதைக் கதைக்கவில்லை.

நான் யப்பானுக்கு வரும்போது என் பழைய லொறியை நஸீரிடம்தான் விட்டுவிட்டு வந்தேன். நல்ல ஓட்டுக்காரன் அவன். ஒரேயொரு கெட்ட பழக்கம், இடது காலைக் கிளச்சில் வைத்தபடியே ஓட்டுவான். பக்கத்தில் இருக்கும்போதெல்லாம் நான் ஏசுவேன். சாவியைக் கையில் கொடுத்த அன்றும், "கிளச்சில இருந்து கால எடுத்துப் பழகுடா, பிளேட் தேஞ்சிரும்" என்றுதான் சொன்னேன். மூத்தவன், பயணம் போகிற காக்கா, தம்பிக்குச் சொல்லிவிட்டு வந்த புத்தி அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு காலை அவன் கடற்கரையில் மீன் ஏற்றிக்கொண்டிருந்தான். தண்ணீர் வருவதைக் கண்டதும் ஏறி ஸ்டார்ட் எடுத்திருக்கிறான். அலை லொறியைப் புரட்டிக் கொண்டுபோய்த் தென்னை ஒன்றில் சாத்தியது. அவனை வெளியே எடுக்கும்போது இடது கால் கிளச் பெடலோடு சேர்ந்து நசிந்து கிடந்ததாம். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள் முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். அலையோடு போன உம்மாவை மூன்றாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். இரண்டு செய்தியும் எனக்கு ஒரே டெலிபோனில் வந்தன. நான் அப்போது யாரோ ஒரு யப்பான்காரனின் லொறியில் சில்லுக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

3

2009 மே மாதம் சண்டை முடிந்தது. இங்கே தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் காட்டினார்கள், அதற்குப் பிறகு காலநிலை.

நஸீர் அப்போது நாவிதன்வெளிப் பக்கம் ஒரு நெல் ஆலையில் காவலாளி. காலைக் கழற்றிய நாளிலிருந்து அவன் டெலிபோனில் கதைப்பதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சுகமா என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்பான், சாப்பிட்டாயா என்று கேட்டால் ஓம் என்பான், அதற்குமேல் நான்தான் கதைக்க வேண்டும். அந்த மே மாதம் அவனாகவே டெலிபோன் எடுத்தான்.

"காக்கா, செக்பொயின்ற் எல்லாம் எடுக்கிறானுகள். றோட்டெல்லாம் தொறக்கப் போகுதாம். யாழ்ப்பாணம் மட்டும் லொறி போகுமாம் காக்கா."

"உனக்கு ஆரு சொன்ன?"

"ஆலைக்கு வாற ட்ரைவர்மார்தான். நான் வாசல்ல இரிந்து பாத்துக்கிட்டு இரிக்கன். ஒவ்வொருத்தனும் போறான், வாறான்."

அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். ஐந்து வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன். டெலிபோனை வைத்துவிட்டு யார்டில் நிற்கிற லொறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைசி வரிசையில் அந்த நீல லொறி நின்றது. கதவைத் திறந்து குனிந்து பார்த்தால் கீழே இரண்டு பெடல்தான். ஒன்று எண்ணெய்க்கு, மற்றது பிரேக்குக்கு. இரண்டும் வலது காலுக்கு. கியர் தானாக மாறும். இடது காலுக்கு அந்த லொறியில் வேலையே கிடையாது. எத்தனையோ லொறிகளை அப்படிப் பிரித்துப் போட்டிருக்கிறேன், அதுவரைக்கும் என் மரமண்டைக்கு இது எட்டவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். சந்தோசத்தில்தான்.

உடனே நஸீருக்கு எடுத்தேன்.

"தம்பி, ஒனக்கு ஒரு ஓட்டோ லொறி அனுப்பப் போறன்."

"ஓட்டோவா காக்கா?"

"ஓம், ஓட்டோ. ஒத்தக் காலால ஓட்டலாம்."

"ஓம் காக்கா. ஓட்டோண்டா ஓட்டலாம்தான்" என்றான். குரல் இறங்கியிருந்தது. தம்பிக்கு நெஞ்சடைத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே தானாகக் கியர் மாறுகிற வாகனத்தை "ஓத்தோமா" என்பார்கள். ஒன்பது வருசம் அதையே சொல்லிச் சொல்லி என் நாக்கில் அது ஓட்டோ என்று படிந்துவிட்டது. நம் ஊரில் ஓட்டோ என்றால் மூன்று சில்லு ஓட்டோதான் என்பதை நான் மறந்தே போனேன். ஊரில் பிறந்து வளர்ந்தவன், ஓட்டோவில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன், மறந்து போனேன்! பின்னால் பெட்டி வைத்துச் சாமான் ஏற்றுகிற ஓட்டோ ஒன்றைத்தான் காக்கா யப்பானிலிருந்து அனுப்புகிறார் என்று நஸீர் விளங்கிக்கொண்டான். மறுபடி ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்கமாட்டான். காக்கா தருகிற பொருளில் குறை கண்ட மாதிரி ஆகிவிடும் என்பது அவன் வளர்ந்த விதம். நானாவது ஒரு படம் அனுப்பியிருக்கலாம். நேரில் கண்டு திடுக்கிடட்டும் என்று வைத்திருந்தேன். என் பெருமை எனக்கு.

4

லொறி கப்பலில் போய்க்கொண்டிருந்த நாட்களில் நஸீர் சும்மா இருக்கவில்லை. அவனுடைய பழைய லைசன்ஸ் கடலோடு போயிருந்தது. பெரிய லொறி, பஸ் எல்லாம் ஓட்டக்கூடிய லைசன்ஸ் அது. காக்கா அனுப்பும் ஓட்டோ வருவதற்குள் கையில் ஒன்று இருக்க வேண்டும் என்று ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு லைசன்ஸ் கந்தோருக்குப் போனான். படிவம் சிங்களத்தில். அங்கிருந்த எழுதுநர் நல்ல மனிதர், தானே நிரப்பிக்கொடுத்தார்.

"என்ன வாகனம் ஓட்டப் போறீங்க தம்பி?"

"ஓட்டோ சேர்."

"மற்றதெல்லாம்? லொறி, பஸ்?"

"அதெப்படி சேர் ஏலும்? காலைப் பாருங்களன்."

ஓட்டோவில் கிளச் கையில் இருக்கிறது, பிரேக்கை வலது கால் பார்த்துக்கொள்ளும். ஆகவே அது பிரச்சினையில்லை. மற்ற எல்லாவற்றையும் அந்த மனிதர் இரக்கப்பட்டு வெட்டிவிட்டார். வைத்தியப் பரிசோதனையில் சிக்கல் வரக்கூடாது பாருங்கள். நஸீர் கையொப்பம் வைத்தான். இரண்டு மாதத்தில் புது லைசன்ஸ் வீட்டுக்கு வந்தது. நம் நாட்டில் ஒரு காரியம் இவ்வளவு சுறுக்காக முடிந்ததை நான் கேள்விப்பட்டதே இல்லை.

கொழும்புத் துறைமுகத்திலிருந்து லொறியை எடுத்துவந்தவன் சாய்ந்தமருது றசாக். இருபது வருசம் லொறி ஓட்டிய ட்ரைவர். மகியங்கனைப் பதினெட்டு வளைவில் இறங்கும்போது அவனுடைய இடது கால் பழக்கதோசத்தில் கிளச்சைத் தேடி, அது கிடைக்காமல், பிரேக்கை ஏறி மிதித்திருக்கிறது. லொறி குத்தி நின்று, பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து அடிக்காத குறை. கல்முனைக்கு வந்து சேர்ந்ததும் றசாக் சாவியை எறிந்துவிட்டு, "இது லொறியில்ல, தொட்டில். சும்மா உள்ளுக்க கிடந்து ஆடிக்கிட்டு வாறதுதான். எஞ்சினும் புடிக்கிதில்ல, ஒண்டும் புடிக்கிதில்ல" என்று தேத்தண்ணிக் கடையிலிருந்து மீன் சந்தைவரை சொல்லித் திரிந்தான். அது பிறகு எவ்வளவு கெடுதல் செய்யும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

நஸீர் எனக்கு எடுத்தான்.

"காக்கா, இது லொறி."

"ஓம், லொறிதான். பின்ன என்னெண்டு நெனச்ச?"

"நீங்க ஓட்டோ எண்டீங்க…"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்படிச் சிரித்தோம். என் மனைவி பரீதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, என்ன என்ன என்று கேட்டு, அவளும் சிரித்தாள். உம்மா போனதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் விடிய, சுபஹு தொழுகைக்குப் பிறகு, ஊன்றுகோலை சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, நஸீர் லொறியை எடுத்தான். அவன் மனைவி பக்கத்தில் இருந்து ஸலவாத்து ஓதிக்கொண்டே போனாளாம். நாவிதன்வெளி ஆலை வாசலில் நிறுத்தியபோது உள்ளே நின்றவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். காவலாளியாகக் கதிரையில் இருந்தவன் ஸ்டியரிங்கில் இருக்கிறான். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

"காக்கா, ஓட்டிட்டன்" என்றான். "கால் இரிந்த நாள் மாதிரியே ஓட்டிட்டன் காக்கா."

ஒன்பது நாள் ஓட்டினான். வரிப்பத்தான்சேனைக்கும் போனான், ஒலுவிலுக்கும் போனான். பத்தாம் நாள் போக்குவரத்துப் பொலிஸ் மறித்தது. லைசன்ஸை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்கள். அதில் மூன்று சில்லுப் படம் மட்டும்தான் இருந்தது.

5

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஒழுங்காக எழுதமாட்டேன். எழுதினால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பரீதா கொப்பியைப் பறித்துவிடுவாள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். நஸீர் அதே கந்தோருக்குப் போய், "சேர், எனக்கு லொறிக்கு ஓட்டோ லைசன்ஸ் வேணும்" என்றான். அந்த நல்ல எழுதுநர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார். புதியவர் கோப்பைப் புரட்டினார். "ஓட்டோ லைசன்ஸ்தான் இரிக்கே, மறுகா என்ன ஓட்டோ லைசன்ஸ்?" என்றார். இவன் விளக்கினான். "லொறி ஓட்ட ஏலா எண்டு நீங்களே சொல்லிக் கையொப்பம் வச்சிருக்கீங்களே" என்றார். வைத்திருந்தான்தான்.

கொழும்பில் வைத்தியர்களிடம் போகச் சொன்னார்கள். பஸ்ஸில் ஒரு நாள் பயணம், ஒற்றைக் காலோடு. அங்கே ஒரு பெண் வைத்தியர், கியர் இல்லாத லொறி என்றால் ஓட்டலாம், பரிசோதகர் எழுதித் தந்தால் நானும் எழுதித் தருகிறேன் என்றார். பரிசோதகர், வைத்தியர் எழுதித் தந்தால் நானும் எழுதித் தருகிறேன் என்றார். பிறகு, லொறிப் பரீட்சை என்றால் கிளச் உள்ள லொறியில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும், வேறு முறை எங்களிடம் இல்லை என்றார்கள். நான் இங்கிருந்து லொறியின் படம், புத்தகம், ஷாச்சோவின் முத்திரை குத்திய கடிதம் எல்லாம் அனுப்பினேன். கோப்பைக் காணவில்லை என்றார்கள். கோப்பு கிடைத்தபோது கடிதத்தைக் காணவில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை, துரத்தவில்லை. எல்லோரும் கதிரை போட்டு உட்காரவைத்து, பாவம் என்றார்கள்.

கொழும்புக்கு மட்டும் ஐந்து தடவை போய்வந்தான். ஐந்தாம் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் வெட்டுப்பட்ட இடம் புண்ணாகி, இரண்டு கிழமை படுத்தான்.

6

"காக்கா, ஒங்கட யார்டில கியர் பொக்ஸ் ஒண்டு எடுக்க ஏலுமா?" என்று நஸீர் கேட்டது போன செப்டம்பரில்.

"எதுக்கு? அது பழுதா?"

"பழுதில்ல. கை கியருக்கு மாத்தப் போறன்."

எனக்கு ஏறிவிட்டது. "ஒனக்கென்ன பைத்தியமா? கிளச் வச்சா நீ எப்படிடா ஓட்டுற?" என்று கத்தினேன்.

அவன் கத்தவில்லை. "நான் ஓட்டல்ல காக்கா. றசாக் ஓட்டட்டும். ஒரு வருசமா உப்புக் காத்துக்க நிண்டு கறள் புடிக்கிது. இப்படியே ஓட்டுங்க எண்டா ஒருத்தனும் ஏறமாட்டேங்கிறான், வாங்கவும் மாட்டேங்கிறான். றசாக்ட கதைதான் எல்லாருக்கும் தெரியுமே. கை கியர் எண்டா நாளைக்கே வாறன் எண்டு அவனே சொல்றான்."

"இன்னொருக்கா கந்தோருக்குப் போய்ப் பாரு தம்பி. ஒருக்கா."

"போய்ப் போய்க் களைச்சிட்டன் காக்கா. உடுங்க."

வேலையை யார் செய்வது என்று கேட்டேன். பாண்டிருப்புத் தங்கராசா அண்ணன் என்றான். எங்கள் பழைய லொறிக்கும் அவர்தான் மெக்கானிக். நாட்டு நிலைமை கெட்ட நாட்களில் தமிழரான அவர் முஸ்லிம்களான எங்கள் பக்கம் வரமாட்டார், நாங்கள் அவர் பக்கம் போகமாட்டோம், லொறி மட்டும் யார் கையிலாவது போய் வரும். அவர் செய்தால் சரியாகச் செய்வார். அதுவும் எனக்கு ஆறுதலாக இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது பரீதாவிடம், "நஸீருக்கு மிஷன் ஒண்டு அனுப்ப வேணும்" என்றேன். கியர் பொக்ஸுக்கு இங்கே மிஷன் என்றுதான் பெயர். அவள் சந்தோசப்பட்டாள். "அவன்ட பொஞ்சாதிக்கா? நல்லது, அவ நல்லாத் தைப்பா" என்றாள். தையல் மிஷின் என்று நினைத்துவிட்டாள். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஷாச்சோவிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முப்பது வருசத் தொழிலில், கை கியரை எடுத்துவிட்டு ஓட்டோ போட்டவர்களைக் கண்டிருக்கிறாராம், ஓட்டோவை எடுத்துவிட்டுக் கை கியர் போடுகிறவனைக் கண்டதில்லையாம். ஏன் என்றார். தம்பிக்கு இடது கால் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அவருக்கு இன்னும் விளங்கவில்லை. எனக்கும் யப்பான் மொழியில் அதைச் சொல்ல வரவில்லை. தமிழிலும் வந்திருக்காது. எடுத்துக்கொண்டு போ, காசு வேண்டாம் என்றார்.

அதே வகை லொறி ஒன்று, கை கியரோடு, யார்டில் இருந்தது. கியர் பொக்ஸை இறக்கினேன். ஃபிளைவீல், கிளச் பிளேட், அதை அழுத்துகிற தட்டு, கியர்க் கம்பி, கிளச் எண்ணெய்க் குழாய் எல்லாவற்றையும் எடுத்தேன். பின் சில்லுக்குப் போகும் தண்டு இதில் நீளம் வேறு, அதையும் எடுத்தேன். ஆணிகளை இடம் வாரியாகப் பையில் போட்டு, தமிழில் பெயர் எழுதிக் கட்டினேன். தங்கராசா அண்ணன் ஒரு ஆணியையும் தேடக்கூடாது. எல்லாம் முடிந்து, கடைசியாகக் கிளச் பெடல்.

லொறியின் தரையில் மல்லாக்கப் படுத்து, தலையை உள்ளே விட்டு, அதன் ஆணியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். முழங்கை நீளத்தில் ஒரு இரும்பு, நுனியில் உள்ளங்கை அளவு ரப்பர். மற்றச் சாமான் எல்லாம் லொறியை மாற்றுகிற சாமான். இதை வைத்துப் பூட்டினால் நஸீர் இனி ஒருக்காலும் அதில் ஏறமாட்டான். நான் ஆசைப்பட்டு அனுப்பிய லொறியிலிருந்து நானே அவனைப் பிடித்து இறக்குகிற மாதிரி.

பெட்டியை அடைத்தேன். பெடலைப் பழைய பத்திரிகையில் சுற்றி என் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை. பெடல் இல்லாமல் வேலை நிற்கும், நிற்கிற நாளில் அவன் இன்னொரு தடவை கந்தோருக்குப் போவான், யாராவது ஒரு மனிதன் கையொப்பம் வைப்பான். நாற்பத்தாறு வயதுக்காரன் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தேன்.

சப்பாத்துத் தட்டில் வைத்த பெடலை மகள் கண்டுபிடித்தாள். ஹனா என்று அரபுப் பெயர் என்று நினைத்து வைத்தோம். பள்ளிக்கூடத்தில் அது யப்பான் பெயர், பூ என்று அர்த்தம். அவளும் இப்போது பூ என்றுதான் எழுதுகிறாள். பத்து வயது. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் கதைப்பாள்.

"வாப்பா, இது என்ன?"

"பெடல்."

"பெடல் ரெண்டுதானே?" அவள் கண்ட வாகனமெல்லாம் ஓத்தோமாதான்.

"மூணு இரிக்கும். இது இடது காலுக்கு."

"இடது காலுக்கு என்ன வேலை?" என்று கேட்டாள். பிறகு அவளே யப்பான் மொழியில், "நஸீர் சாச்சாவுக்கு இது தேவையில்லைதானே?" என்றாள்.

தேவையில்லை என்றேன்.

7

பெட்டி இம்மாத முதல் கிழமை ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. நஸீர் எடுத்து, "எல்லாம் வந்திட்டு காக்கா. கிளச் பெடலைத்தான் காணல்ல" என்றான். மறந்துபோனேன், தேடி அனுப்புகிறேன் என்றேன். சரி என்றான். பிறகு மூன்று கிழமை அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இன்றைக்கு வழமைபோல நான்தான் எடுத்தேன். ஒவ்வொரு வருசமும் இந்த நாளில் அவன் மையவாடிக்குப் போய் உம்மாவுக்கு ஓதிவிட்டு வந்த பிறகு கதைப்போம். இங்கே இருட்டத் தொடங்கியிருந்தது. அங்கே லுஹர், பகல் தொழுகை, முடிந்த நேரம்.

"காக்கா, கியர் பூட்டியாச்சு. றசாக் லொறிய எடுக்கப் போறான். நல்ல நேரத்துக்குத்தான் எடுத்தீங்க."

"பெடல்?"

"நம்மட பழைய லொறிட பெடல்தான். தங்கராசா அண்ணன்ட கராஜுக்குப் பின்னால கிடந்திரிக்கி. அண்ணன் வெட்டி நீட்டி ஒட்டித் தந்திட்டார். ரப்பரும் அதே ரப்பர். இடப்பக்கம் தேஞ்சு வழவழண்டு கிடக்கு. கால எடுடா எண்டு ஏசுவீங்களே, அந்தத் தேய்வுதான்."

"நான் மறந்திட்டன் தம்பி, பெடலை வைக்க…"

"நீங்க மறக்கல்ல காக்கா."

நான் சப்பாத்துத் தட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆணிக்கெல்லாம் பேர் எழுதி அனுப்பின மனிசன் பெடலை மறப்பாரா? பெட்டியத் தொறந்த உடனேயே எனக்கு வெளங்கிட்டு." அவன் குரலில் கோபமே இல்லை. "நானும் சும்மாதான் இரிந்தன். பெடல் வரல்ல எண்டு அண்ணனுக்குச் சொல்லாம ரெண்டு கிழமை இரிந்தன். என்னத்தப் பாத்துக்கிட்டு இரிந்தேனெண்டு கேக்காதீங்க. மறுகா ஒரு நாள் காலையில றசாக் வந்து வாசல்ல நிண்டான். அவனுக்கும் புள்ளகள் இரிக்கி. என்ன செய்யிற, சொல்லிட்டன்."

பின்னால் லொறி ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. நஸீர் டெலிபோனை வெளியே நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். முதல் கியரில் முனகிக்கொண்டு நகர்ந்தது. பிறகு ஒரு இடைவெளி, அதற்குப் பிறகு இரண்டு. நல்ல சத்தம். தங்கராசா அண்ணனின் வேலையில் ஒரு பிழை சொல்ல முடியாது.

"காக்கா."

"சொல்லு."

"அவன் ஒவ்வொரு கியர் மாத்தக்குள்ளயும் எனக்கு இடது கால் மிதிக்கிது. இல்லாத கால்."

"நோகுதா தம்பி?"

"நோவில்ல. அடியில பெடல் இல்ல, அதுதான்."

லொறி ஒழுங்கை முடிவில் திரும்பிப் பெரிய வீதியில் ஏறியிருக்கும். மூன்று போட்டது எனக்கு இலேசாகக் கேட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. நஸீருக்குக் கேட்டிருக்கிறது.

"நாலு" என்றான்.